வீட்டு விலையும் உள்ளாட்சியின் கணக்குப் புத்தகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு விலை உயர்வு பற்றிய தங்கள் தலையங்கம் வட்டி விகிதத்தையும் முதலீட்டாளர்களின் பேராசையையும் விரிவாகப் பேசியது. கட்டட அனுமதி தரும் உள்ளாட்சியின் வரவு செலவை மட்டும் தொடவே இல்லை. எனக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டிய இடமாகப் படுகிறது.

ஓர் ஊருக்குப் புதிதாக ஆயிரம் குடும்பங்கள் வந்தால் குடிநீர், கழிவுநீர்க் குழாய், பள்ளி, குப்பை அகற்றல் என்று செலவு உடனே தொடங்கிவிடும். வரும் வரி அதற்கு ஈடாகாது என்றால் எந்த நகர்மன்றம் மனமுவந்து அனுமதி தரும்? நேரடியாக மறுக்கவும் மாட்டார்கள். உயரக் கட்டுப்பாடு, குறைந்தபட்ச மனை அளவு, வாகன நிறுத்துமிட விதி என்று ஏதாவது ஒன்று கோப்பை முடக்கிவிடும்.

கலிஃபோர்னியாவைப் பாருங்கள். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆவது முன்மொழிவு, பொதுச் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கியது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. விளைவு, ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில், பழைய உரிமையாளர் கட்டும் வரி புதியவர் கட்டுவதில் சிறு பங்குதான். பழையவருக்கு வீட்டை விற்கவும் மனம் வராது. நகராட்சிகளுக்கோ விற்பனை வரியில் பங்கு உண்டு. ஆகவே குடியிருப்புகளைவிடப் பெருங்கடைகளும் கார் விற்பனைக் கூடங்களும் அவற்றின் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தன. அங்குள்ள வீட்டுப் பஞ்சத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. புதுக் கட்டடங்களை எதிர்த்து அண்டை வீட்டார் தொடுக்கும் வழக்குகளுக்கும் அதில் பங்குண்டு.

ஹாங்காங்கில் கதை வேறு. ஏறக்குறைய எல்லா நிலமும் அரசுடையது. அதைக் குத்தகைக்கு விட்டுக் கிடைக்கும் தொகை நெடுங்காலமாக அரசு வருவாயின் ஒரு தூண். வருமான வரி குறைவு என்று பெருமை பேசுவார்கள். விட்டுப்போன வரியை வீடு வாங்குபவர் மனை விலையாகக் கட்டித் தீர்க்கிறார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நிலம் மலிந்தால் கஜானா இளைக்கும் என்ற நிலையில் உள்ள அரசிடம், நிலத்தை மலிவாக்கு என்று கேட்டு என்ன பயன்?

வீடு வாங்குவோருக்குத் தலையங்கம் பரிந்துரைக்கும் மானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் வாங்குபவர் கையில் பணம் கொடுத்தால் அதில் பெரும்பகுதி விற்பவர் பைக்குத்தான் போகும்.

வரியைக் கட்டடத்திலிருந்து நிலத்துக்கு மாற்றுவதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. கட்டடத்துக்கு வரி போட்டால் கூடுதலாக ஒரு மாடி எழுப்புபவர் தண்டனை பெறுகிறார். மனையைப் புதர் மண்ட விட்டவர் தப்பிக்கிறார். நிலத்துக்குப் போட்டால் இருவருக்கும் ஒரே வரி, நிலத்தின் அளவும் அதனால் குறையப் போவதில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கப் பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் இதைத் தொண்டை வறளச் சொன்னார். ஆனால் மதிப்பீட்டை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் வீட்டு வரி இன்னமும் 1991ஆம் ஆண்டின் மதிப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது!

ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் இந்த வரியை எப்படிக் கட்டுவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரியை அந்த வீட்டின் மீதான நிலுவையாகப் பதிவில் ஏற்றி வைத்து, வீடு விற்கப்படும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வட்டியுடன் வசூலித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்