சோக்லி ஆராய்ச்சிக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஒருவழியா தீசிஸ் சப்மிட் பண்ணியாச்சு. அதுல முன்னாடி ஒரு பக்கம் நன்றினு போட்டிருக்கேன், ஆனா யுனிவர்சிட்டி ஃபார்மேட்ல ஒரே பக்கம்தான், அதுக்குள்ள யாரைச் சொல்ல யாரை விட, அதுலயும் சிலர் என் பேரை போடாதப்பானு சொல்லிட்டாங்க. அதனால இங்க தமிழ்ல விலாவாரியா எழுதிடறேன். கூட இருந்து உதவினவங்களைப் பேர் இல்லாமத்தான் எழுதுறேன், யாரைச் சொல்றேன்னு அவங்கவங்களுக்குத் தெரியும். பின்லாந்துக்காரங்க டிரான்ஸ்லேட்ல போட்டுப் பார்த்துக்கட்டும், என்ன வருதோ அது அவங்க பாடு.

சோக்லினா என்னனு தெரியாதவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். பின்லாந்தோட வடகிழக்கு மூலை, லாப்லாந்து, சவுகோஸ்கினு ஒரு முனிசிபாலிட்டி, ரஷ்யா பார்டரை ஒட்டினாப்ல. 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல பரப்பு, மொத்த ஜனத்தொகை சுமாரா ஆயிரம் பேர், ஆளை விட கலைமான் ஜாஸ்தி. கிறிஸ்துமஸ் தாத்தா வீடுனு அவங்க சொல்ற கொர்வதுந்துரி மலையும் இதே முனிசிபாலிட்டிலதான் இருக்கு. அங்க சதுப்பு நிலத்துக்கும் காட்டுக்கும் அடியில 20 சதுர கிலோமீட்டர் அளவுல ஒரு கார்பனடைட் உக்காந்திருக்கு. எரிமலைக் குழம்புனா நமக்கு சிலிகாதான் ஞாபகம் வரும், ஆனா இது கார்பனேட்டே குழம்பா, பூமி மேலோட்டுக்கு அடியில இருக்குற மேன்டில்ல இருந்து ஏறி வந்தது. இன்னைக்கு உலகத்துல அந்த மாதிரி குழம்பு கக்குற எரிமலை தான்சானியால இருக்குற ஓல்டோய்ன்யோ லெங்காய் ஒண்ணுதான். சோக்லி ஏறி வந்தது கிட்டத்தட்ட 36 கோடி வருஷத்துக்கு முன்னாடி. ரஷ்யா பக்கம் கோலா தீபகற்பம் முழுக்க இதோட சொந்தக்காரங்கதான், அதுல கோவ்டோர் நேர்கோட்டுல பார்த்தா 60 கிலோமீட்டருக்குள்ளதான் வரும், அங்க 1962ல இருந்து சுரங்கம் ஓடுது, இரும்பும் அபடைட்டுங்கற பாஸ்பேட் மினரலும் எடுக்குறாங்க. இந்தப் பக்கம் சோக்லில இன்னும் சுரங்கமே வரல.

சரி, நன்றிக்கு வரேன். முதல் நன்றி எனக்கு முன்னாடியே வேலை பார்த்துட்டுப் போனவங்களுக்கு. ரவுதாருக்கினு ஒரு அரசு ஸ்டீல் கம்பெனி இரும்பு தேடிட்டு இருந்த காலம், கார்பனடைட்ல மேக்னடைட்ங்கற இரும்புத் தாது இருந்தா மேக்னடிக் மேப்புல பளிச்சுனு தெரியும், அப்படித் தேடுறப்ப 1967ல சோக்லி மாட்டுச்சு. ஹெய்க்கி பார்மா 1970ல முதல்ல எழுதுனாரு, ஹெய்க்கி வார்தியாய்னென் 1980ல முழுசா ஒரு ரிப்போர்ட்டே போட்டாரு, எந்தப் பாறை எங்க, எந்த மினரல் எதுக்குள்ளனு. நான் துகளுக்குள்ள என்ன தனிமம்னு அளக்குற எலக்ட்ரான் மைக்ரோபுரோப்ல உக்காந்து கண்டுபிடிச்சேன்னு குதிச்ச பாதி விஷயம் அந்த மனுஷன் அப்பவே எழுதி வச்சிருக்காரு. பைரோகுளோர்ங்கற மினரல்ல முதல்ல வந்த தலைமுறைல யுரேனியமும் டாண்டலமும் தூக்கலா இருக்கும், பின்னாடி வந்ததுல தோரியம் தூக்கலா இருக்கும்ங்கறது உள்பட. ஸ்டீலுக்கு வலு சேர்க்குற நியோபியம்ங்கற உலோகம் அந்த பைரோகுளோர்லதான் இருக்கு, காவுலுஸ்னு ஒரு பகுதில நல்லா சேர்ந்திருக்கு.

அடுத்தது கோர் குடோன்ல இருக்குறவங்க, இவங்களைப் பத்தி சொல்லலைனா இந்த மடலே வேஸ்ட். டிரில் பண்ணி எடுத்த கோரை, அதாவது பாறை உருளைய, இந்த நாட்டுல வீசவே மாட்டாங்க, லோப்பில அதுக்குனே தேசிய அளவுல ஒரு ஆர்க்கைவ் இருக்கு. நான் பொறக்குறதுக்கு முன்னாடி டிரில் பண்ணின பெட்டிய ஃபோர்க்லிஃப்ட்ல இறக்கி, தூசி தட்டி, மேசை மேல வரிசையா அடுக்கிக் குடுத்தாங்க. சோக்லி கோர்னா மத்த கோர் மாதிரி வழுவழுனு உருளையா இருக்கும்னு நெனச்சிராதீங்க, மேல் பகுதி பூரா காவி கலர்ல பொலபொலனு உதிரும், கை வச்சா விரல்ல ஒட்டும், நடுநடுவுல கருப்பா மேக்னடைட், காந்தத்தைக் காட்டினா ஓடி வந்து மீசை மாதிரி ஒட்டிக்கும். ஆசிட் ஒரு சொட்டு விட்டா மேல் பெட்டில சத்தமே இருக்காது, கீழ போகப் போக ஒரு பெட்டில திடீர்னு புஸ்ஸுனு பொங்கும், அங்கதான் அழுகாத, அதாவது மழைத்தண்ணில சிதையாத கார்பனேட் ஆரம்பிக்குது. அந்த எல்லைக்கோடுதான் என் தீசிஸ்.

ஏன்னா பாஸ்பேட் சமாச்சாரம் பூரா அந்தக் கோட்டுக்கு மேலதான். அடியில இருக்குற அழுகாத பாறைல பாஸ்பேட் சில சதவீதம்தான், காசு ஆகாது. மழைத்தண்ணி இறங்கி கால்சைட், டோலமைட்ங்கற கார்பனேட் மினரலையெல்லாம் கரைச்சுக் கொண்டுபோக, கரையாத அபடைட்டு, மேக்னடைட்டு, பைரோகுளோரு எல்லாம், மண்ணு கலந்த வெல்லத்தைக் கரைச்சா அடியில மண்டி தங்குற மாதிரி, அங்கயே தங்கிடுச்சு. அபடைட்லயே கொஞ்சம் கரைஞ்சு திரும்ப பிராங்கோலைட்ங்கற பாஸ்பேட் மினரலா படிஞ்சு மத்த துகளை ஒட்டவும் வச்சிருக்கு. இப்படிச் சேர்ந்து சேர்ந்து மேல் பகுதில பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு 15 சதவீதத்தைச் சுத்தி வந்திருக்கு. இது வெப்பநாட்டுல நடந்தா அதிசயமே இல்ல, பிரேசில்ல அராஷாலயும் கத்தலாவ்லயும் இப்படித்தான், உலக நியோபியத்துல 90 சதவீதம் பிரேசில்ல இருந்து வர்றதுக்கு இந்த அழுகல்தான் காரணம். ஆனா பனிக்கட்டி பல தடவை ஏறி இறங்கின லாப்லாந்துல பொலபொலனு இருக்குற மண்ணு எப்படித் தப்பிச்சுது? ஐஸ் ஷீட்டோட நடு முதுகு இந்தப் பக்கம்தான் இருந்துச்சு, அங்க ஐஸ் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடும், நடுவுல தரையோட ஒட்டி உறைஞ்சு கிடக்கும், சுரண்டாது.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. ஸ்டாக்ஹோம்ல கரின் ஹெல்மென்ஸும் கூட்டாளிகளும் அதே சோக்லி பள்ளத்துல ஐஸ் சுரண்டாம விட்ட ஏரி வண்டலை எடுத்து, 1,30,000 வருஷத்துக் கதைய அடுக்கடுக்கா வாசிச்சிருக்காங்க. 50,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுக நடுவுல, அங்க ஐஸே இல்லாம இன்னைக்கு அளவுக்குக் கோடை வெயில் இருந்துச்சுனு 2007ல போட்டப்ப பலரால நம்ப முடியல. அந்த வேலை இல்லைனா என் அத்தியாயம் மூணு நிக்கவே நிக்காது. நேர்ல பார்த்ததில்ல, இருந்தாலும் ஒரு கும்பிடு.

தின் செக்‌ஷன் லேப் அக்காவுக்குத் தனி நன்றி. உதிர்ற மண்ணை எப்படி 30 மைக்ரான் தகடா அறுக்குறது? தண்ணி பட்டா கரைஞ்சு ஓடிடும். அவங்க ஒவ்வொண்ணையும் வாக்குவம்ல வச்சு எபாக்ஸி ஊத்தி, காயவிட்டு, தண்ணிக்குப் பதிலா எண்ணெய்ல தேய்ச்சு, மறுபடி எபாக்ஸி, மறுபடி தேய்ச்சு குடுத்தாங்க. அந்தத் தகட்டுல பைரோகுளோரைப் பார்க்கணுமே, தேன் கலர்ல எண்முக மணி, வளையம் வளையமா. எக்ஸ்ரே வச்சு தனிமத்தை அளக்குற கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவில நியோபியம் ஈஸியா வந்துடும், பாஸ்பரஸ்தான் படுத்தும், லேசான தனிமம், சாம்பிள்ல ஈரம் இருந்தா ரீடிங் அப்படியே படுத்துரும். அதுக்காக எல்லாத்தையும் ஓவன்ல காயவச்சு பொடி பண்ணிக் குடுத்த ஜூனியர் பசங்களுக்கும் நன்றிடா, ட்ரீட் பாக்கி இருக்கு, மறக்கல.

பழைய டிரில் லாக் ஷீட் எல்லாம் கையெழுத்து, அதுவும் பென்சில்ல. ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் காபி மேல காபியா குடிச்சுக்கிட்டே எனக்கு வரி வரியா படிச்சுச் சொன்னாரு. எந்த மீட்டர்ல கோர் வரல, எங்க டிரில் தண்ணி திரும்பி வரல, எல்லாம் ஓரத்துல குறிச்சிருக்காங்க. பொலபொல பாறைல டிரில் பண்ணா நல்ல பாகமே தண்ணியோட அடிச்சுக்கிட்டுப் போயிடும், அப்ப பெட்டில இருக்குறதை மட்டும் வச்சு கணக்குப் போட்டா கிரேடு, அதாவது தாது எத்தனை சதவீதம்ங்கறது, தப்பா வரும். அந்த ஓரக்குறிப்பு எந்த டேட்டாபேஸ்லயும் ஏறல.

கைடுக்கு நன்றி சொல்றதுலதான் சிக்கல், இங்க புரொபசரையே பேர் சொல்லிக் கூப்பிடணும், எனக்குக் கடைசி வரைக்கும் வாய் வரல, அதனால இங்கயும் சார்னே சொல்லிக்கறேன். சார், நன்றி. எம்எஸ்சி படிக்கறப்ப திருப்பத்தூர் பக்கம் சேவத்தூருக்குக் கூட்டிட்டுப் போன எங்க ஊர் சாருக்கும் நன்றி. அங்க இருக்குறதும் கார்பனடைட்தான், அபடைட்டும் பைரோகுளோரும் வெர்மிகுலைட்டும் இருக்கும், நான் கையில எடுத்த முதல் கார்பனடைட் அதுதான். ஔலுல இருக்குற அண்ணனுக்கும் அண்ணிக்கும், மைனஸ் முப்பதுக்குப் போறியா இந்தானு ஜாக்கெட், பூட்ஸ், ஒரு டப்பா பருப்புப்பொடி எல்லாம் குடுத்து அனுப்புனதுக்கு என்ன சொல்றதுனே தெரியல. சதுப்புல டிரில் ரிக் நிக்கணும்னா தரை உறையணும், அதனால டிரில்லிங் பார்க்கணும்னா குளிர்லதான் போகணும், வேற வழி இல்ல.

கடைசியா சோக்லிகிட்ட துல்ப்பியோங்கற ஊர் பக்கம் எனக்கு ரூம் குடுத்த கலைமான் வளர்க்குற தம்பதி. அவங்க சுரங்கமே வேண்டாம்னு சொல்றவங்க, அதை முதல் நாளே என் முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க, சொல்லிட்டு சூப்பும் ஊத்துனாங்க. மேய்ச்சல் நிலம் துண்டாகும், நுவோர்த்தி ஆத்துத் தண்ணி என்னாகும்னு அவங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பாஸ்பேட்டும் நியோபியமும் ஐரோப்பாவோட முக்கிய மூலப்பொருள் லிஸ்ட்ல இருக்கு, யாராங்கற உரக் கம்பெனிகிட்ட இருந்து 2020ல ஃபின்னிஷ் மினரல்ஸ் குரூப்னு அரசு கம்பெனி கைக்கு சோக்லி வந்திருக்கு, சோக்லிலயே ஜம்மிங்கற பகுதில ரேர் எர்த் தனிமங்களும் இருக்கு, இதெல்லாம் அவங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும். ஸ்டீல் ஒரு டன்னுக்கு சில நூறு கிராம் நியோபியம் போதும், உரத்துக்கு பாஸ்பேட் இல்லாம முடியாது, எடுக்கத்தான் வேணும்னு நான் நெனைக்கிறேன், ஆனா எங்க எடுக்குறதுங்கற பேச்சுல இவங்க முதல் வரிசைல உக்காரணும்னும் நெனைக்கிறேன். ஜூலைல கன்னுக்குட்டிக்குக் காது அடையாளம் போடற சமயத்துல வண்டி எடுக்காதனு சொன்னாங்க, எடுக்கல.

எபாக்ஸி பிளாக் எல்லாத்தையும் நம்பர் போட்டு குடோன்லயே குடுத்துட்டேன், அடுத்து வர்றவங்க அதே கோரைத் திரும்ப வெட்ட வேண்டாம். பெரியவர் படிச்சுச் சொன்ன லாக் குறிப்பு பூரா டைப் பண்ணி தீசிஸோட பின்னிணைப்புல இருக்கு. மேய்ச்சல் பாதையையும் சேர்த்து வரைஞ்ச மேப் ஒண்ணு வேணும்னு துல்ப்பியோல கேட்டிருந்தாங்க, பிரிண்ட் ஆயிடுச்சு, இந்த வாரமே தபால்ல போட்டுடறேன்.