உன் வில்லுக்கு ஒரு பிடி

தக்கலை
ஆடி மாதம்

அன்பு மக்களே,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வில் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது உன் இடது கையைத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து, கீழே சதை சிவந்து கிடக்கிறது. பழகினால் சரியாகிவிடும் என்று சொன்னாய். சரியாகாது மக்களே. கை காய்த்துப்போகும், அவ்வளவுதான். குறை பிடியில் இருக்கிறது. போனில் பேசினால் உனக்கு அவசரம், எனக்கும் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே சாரல். பட்டறையில் இன்றைக்கு வேலையும் இல்லை.

நீ வில் செய்யப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து நானும் சும்மா இருக்கவில்லை. மூங்கிலில் ஒன்று, பாக்குமரத்தில் ஒன்று செய்து பார்த்தேன். கொல்லையில் தேங்காய்த் தொண்டு மட்டையைக் குவித்துவைத்து அதில் எய்து பார்த்தேன். அம்மையிடம் திட்டும் வாங்கினேன். வில்லைப் பற்றி நான் அறிந்தது அவ்வளவுதான். ஆனால் பிடி என்றால் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். மம்பட்டிக் கணை, உளிப்பிடி, வெட்டுகத்திப் பிடி என்று எத்தனை போட்டிருப்பேன்.

உன் பிடியில் விரலுக்கு விரல் பள்ளம் குடைந்திருக்கிறாயே, முதலில் அதைச் சொல்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்திருக்கிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவருக்குக் கத்திப் பிடியில் நாலு விரலுக்கும் பள்ளம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையிலேயே திருப்பிக் கொண்டுவந்தார். "ஆசாரி, முதல் பத்து மரத்துக்குச் சரியா இருக்கு. அதுக்கப்புறம் கை கொஞ்சம் நகரும். நகர்ந்தா மேடெல்லாம் விரலுக்கு அடியில குத்துது" என்றார். கை உயிருள்ளது. காலையில் இருந்த இடத்தில் மத்தியானம் இருக்காது. வியர்த்தால் ஒரு இடம், குளிர்ந்தால் ஒரு இடம். அந்தப் பள்ளங்களை அரத்தால் ராவி எடுத்துவிடு.

அப்புறம், வில்லை நீ இறுக்கிப் பிடிக்கிறாய் என்பது விரல் மூட்டு வெளுத்திருப்பதிலேயே தெரிகிறது. உன் வில்லின் இழுவை 35 பவுண்டு என்றாய். கிட்டத்தட்ட 16 கிலோ. நாணை வலது கை பின்னால் இழுக்கும்போது அதே 16 கிலோ இடது உள்ளங்கையை வந்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலேயே வில் கையோடு ஒட்டி நிற்கும், விரல்கள் இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. விரல் இறுகினால் மணிக்கட்டு திரும்பும், வில்லும் கூடவே திரும்பும், அம்பு பக்கவாட்டில் போகும். ஒரு கதவை மெல்லத் தள்ளுவது போலக் கையை நீட்டிப் பார். கட்டைவிரலின் அடிச்சதை முன்னால் வரும், விரல் மூட்டுகள் சாய்வாக விலகி நிற்கும். பாரம் முழுவதும் அந்தச் சதையில், ஆயுள் ரேகைக்குக் கட்டைவிரல் பக்கமாக உட்கார வேண்டும். நான்கு விரலும் வில் கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் கைக்குத்தான் பிடி செய்ய வேண்டும். முறுக்கிப் பிடித்த கைக்கு எப்படிச் செய்தாலும் வலிக்கும்.

இனி மரத்துக்கு வருகிறேன். ஹிக்கரி மரத்தில் செய்தது நல்லது. நீ இருக்கிற ஊரில் கோடாலிக்கும் சுத்தியலுக்கும் பிடி போடுகிற மரம் அது, எளிதில் முறியாது. முக்கால் அங்குலப் பலகையில், உன்னைப் பார்த்த பக்கம் 1 அங்குலக் கட்டையை ஒட்டியிருக்கிறாய். அதுவும் சரிதான். வில்லின் முதுகில், அதாவது அம்பு போகிற பக்கம், அரம் படவே கூடாது. வளையும்போது இழுபடுவது அந்த முகம். நார் ஒரு இடத்தில் அறுந்தால் முறிவு அங்கிருந்து தொடங்கும். ஓரத்தின் கூர்மையை மட்டும் உப்புத்தாளால் மழுக்கிக்கொள்.

ஆனால் பலகையின் ஒன்றரை அங்குல அகலத்தைப் பிடியிலும் அப்படியே விட்டுவைத்திருக்கிறாய். உன் கைக்கு அது அதிகம். சதுர மூலை இரண்டும் உள்ளங்கையில் ஏறுகின்றன, தோல் உரிந்தது அதனால்தான். இரண்டு பக்கமும் சமமாக எடுத்து, ஒடுங்கிய இடத்தில் 1 அங்குலம் 1 நூலுக்குக் கொண்டுவா (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கட்டைவிரல் கவட்டை உட்காரும் இடம் அது, அம்பு போகிற இடத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளங்கை படுகிற முகம் மெல்லப் புடைத்து வரட்டும், மாங்கொட்டையின் முதுகு போல. குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவம் தெரிய வேண்டும். உருளையாக்கிவிடாதே, உருண்டால் கைக்குள் திரும்பும்.

அகலம் குறைகிறதே என்று பயம் வேண்டாம். அகலத்தைப் பாதியாக்கினால் மரத்தின் விறைப்பும் பாதியாகும், அவ்வளவுதான். கனத்தை, அதாவது தடிப்பை, பாதியாக்கினாலோ எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் பக்கத்தில் தாராளமாக எடு, கனத்தில் கஞ்சத்தனமாக இரு. கனம் போய்ப் பிடி வளையத் தொடங்கினால், ஒட்டிய கட்டை ஒருநாள் டப்பென்று கழன்று வரும். கட்டையின் இரண்டு முனையையும் உளியால் செங்குத்தாக நறுக்கி விட்டிருக்கிறாயே, அதுவும் கழலுகிற வழிதான். கட்டை 8 அங்குலம் என்றால் நடு 4 அங்குலம் கைக்கு. பக்கத்துக்கு 2 அங்குலம் சரிவாக இறங்கி, பலகையோடு பலகையாகக் கரைய வேண்டும்.

இதை எழுதும்போது நம் முத்தாரம்மன் கோயில் கொடை நினைவுக்கு வருகிறது. வில்லுப்பாட்டு முடியுமுன்னே நீ என் மடியில் தூங்கிவிடுவாய். குடத்தின்மேல் கட்டிய அந்தப் பெரிய வில்லைப் பார்த்திருக்கிறாயே, நடு பருத்து இரண்டு முனையும் சிறுத்துப் போகும். பனை வைரத்தில் அதைச் செதுக்கியவர் எந்த இடத்தில் சரிவு தொடங்குகிறது என்று தெரியாதபடி இறக்கியிருப்பார். விரலை ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடாது. உன் சரிவும் அப்படி இருக்க வேண்டும்.

எங்கே ராவுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். இங்கே பொருத்து சரியாக உட்காராவிட்டால் கரி தேய்த்துப் பார்ப்போம். அதையே செய். உள்ளங்கையில் கரியோ பென்சில் தூளோ தேய்த்து, நாண் ஏற்றிய வில்லைப் பாதி வரை இழுத்து, மெல்லத் திரும்ப விடு. அம்பு இல்லாமல் நாணைச் சட்டென்று விட்டுவிடாதே, வில் உடையக்கூடும். கரி எங்கே கருப்பாகப் பதிகிறதோ அங்கே பாரம் ஏறுகிறது. அந்த இடத்தை அரத்தால் நாலு தடவை ராவு, அதற்குமேல் வேண்டாம். மறுபடி இழுத்துப் பார். கட்டைவிரல் அடி முழுவதும் மங்கலாக, ஒரே மாதிரி பதியும் வரை இதைச் செய். ஒரே நாளில் முடிக்காதே. இருபது முப்பது அம்பு எய்துவிட்டு மறுநாள் தொட்டுப் பார், நேற்றுத் தெரியாதது தெரியும்.

வில்லின் இரண்டு கையையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகங்களை, வளைவு பார்த்துச் சமன் செய்கிற கடைசி வேலை இன்னும் பாக்கி என்றாய். நல்லவேளை. பிடியை முதலில் முடித்துக்கொள். உன் உள்ளங்கை எங்கே அழுத்துகிறதோ அதைப் பொறுத்துத்தான் மேல்கையும் கீழ்கையும் சமப்படும். பிடியைப் பிறகு மாற்றினால் அந்தச் சமன் கெட்டுவிடும்.

மேலே வார்னிஷ் பூசாதே, வியர்த்தால் வழுக்கும். எண்ணெய் தேய்த்து மெல்லிய தோலால் சுற்று, இல்லாவிட்டால் சணல். சுற்றினால் கனம் கூடும், அதற்காக முன்கூட்டியே அரை நூல் குறைத்துக்கொள். அம்பின் இறகு முன்முனை கையைக் கீறுவதையும் படத்தில் பார்த்தேன். அங்கே நூலால் நெருக்கிச் சுற்றி மேலே பசை தடவிவிடு.

வீட்டிலிருந்து ஈட்டி மரத் துண்டு அனுப்பச் சொல்லிக் கேட்டாய். இப்போது வேண்டாம். எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டுகிற முகத்தை அசிட்டோனால் துடைத்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. ஹிக்கரி துண்டே போதும்.

உனக்கென்று நான் கடைசியாகப் பிடி போட்டது ஒரு சிரட்டை அகப்பைக்கு. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அது இன்னும் அடுக்களையில் தொங்குகிறது, நேற்று அதைப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கையின் அளவை வைத்துக்கொண்டு இத்தனை வார்த்தை எழுதிவிட்டேன். உன் இடது கையை ஒரு தாளில் வைத்து, விரலை லேசாக விரித்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. கட்டைவிரல் கவட்டையிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை அளந்து பக்கத்தில் எழுது. கிணற்றங்கரையில் விழுந்த பலாவின் வைரம் இரண்டு துண்டு எடுத்துவைத்திருக்கிறேன். அதில் ஒரு மாதிரிப் பிடி செதுக்கிப் பார்க்கிறேன். நீ பொங்கலுக்கு வரும்போது பிடித்துப் பார்த்துச் சொல்லலாம்.

கைக்கு மருந்து போடு. ஆறும் வரை வில்லைத் தொடாதே.

அன்புடன்,
அப்பா