இலவச ரிசார்ட் வவுச்சருக்குப் போய் வந்தோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரு மால்களில் கூப்பன் எழுதிப் போட்டால் இரண்டே நாளில் போன் வருகிறது, ரிசார்ட்டில் 2 இரவு 3 பகல் இலவசம், கணவன் மனைவி இருவரும் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று. போன மாதம் அல்சூரிலிருந்து நாங்களும் போனோம். ஒரு மணி நேரம் என்றார்கள், மூன்றரை மணி நேரம் உட்கார வைத்து, வருஷா வருஷம் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உறுப்பினர் திட்டத்தை விற்கப் பார்த்தார்கள். பையன் பசியில் மேசைமேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டான், எதிரில் இருந்தவரோ "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் சார்" என்று கால்குலேட்டரைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். 25 வருஷத்துக்கு மூன்றரை லட்சம். போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் தனி, அது ஏறிக்கொண்டே போகும் என்பதை நானாகத் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். மே மாத விடுமுறையில் அறை கிடைக்குமா என்றதற்குக் கடைசிவரை பதிலே இல்லை.

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தோம். அப்புறம் வவுச்சரைப் படித்தால், வார நாட்களில் மட்டும்தான் செல்லும், சாப்பாடும் பயணமும் நம் செலவு, முன்பதிவுக் கட்டணம் வேறு! இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்கத் தேவையே இல்லை.

போயே ஆக வேண்டுமென்றால் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ஒப்பந்தத்தில் ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று உடனே பார்த்து, ரத்துக் கோரிக்கையை எழுத்துமூலம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு