இரண்டாவது சாவி யார் கையில்?

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு நண்பர் இராமநாதனுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து, காலையில் காவிரிக்கரை வரை நடக்கிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம்.

அரசுப் பணத்தைப் பொறுப்போடு கையாளும் கட்சி எது என்று கேட்டுவிட்டு, சிங்கப்பூரில் மக்கள் செயல் கட்சி, தமிழ்நாட்டில் எவருமில்லை என்று விடையையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். முதற்பாதியைப் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் அதற்கு நீங்கள் காட்டும் காரணம், அதாவது அவர்கள் இயல்பிலேயே சிக்கனமானவர்கள் என்பது, எனக்கு உடன்பாடில்லை. 1959 முதல் ஒரே கட்சி ஆளும் நாட்டில், மற்றவர்கள் எப்படிச் செலவிட்டிருப்பார்கள் என்பதை எவரும் பார்த்ததில்லையே! அக்கட்சியை நான் மதிப்பது, 1991இல் தன் கைக்கே அது ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டதற்காக. முந்தைய ஆட்சிக்காலங்களில் சேர்ந்த இருப்புநிதியைத் தொட வேண்டுமானால், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரும் இசைய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அந்த இரண்டாவது சாவியை முதலில் பெற்ற அதிபர் ஓங் டெங் சியோங், அதே கட்சியில் துணைப் பிரதமராக இருந்தவர். ஆயினும் இருப்புநிதியின் கணக்கைக் கேட்பதில் தமக்கு நேர்ந்த இடர்களை 1999இல் செய்தியாளர்கள் முன் வெளிப்படையாகச் சொன்னார். 2009இன் பொருளாதார நெருக்கடியில் தர்மன் சண்முகரத்னம் நிதியமைச்சராக இருந்த அரசாங்கம் கேட்க, அதிபர் எஸ். ஆர். நாதன் 4.9 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) ஒப்புதல் தந்தார். அதில் எடுத்த பணம் 2011இல் திருப்பி வைக்கப்பட்டது. அன்று கேட்ட தரப்பில் இருந்த தர்மனிடம்தான் 2023 முதல் அந்தச் சாவி இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் அதிபர் ஹலிமா யாக்கோபின் ஒப்புதலோடு எடுத்த ஏறத்தாழ 40 பில்லியன் வெள்ளி திரும்பவில்லை. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். விதைநெல்லை எடுப்பதற்கு அதைவிடக் கொடிய பஞ்சம் வேறெது?

இப்போதைய வாதம் விளைச்சலைப் பற்றியது. இருப்புநிதியின் முதலீடுகளிலிருந்து எதிர்பார்க்கப்படும் நீண்டகால வருவாயில் 50 விழுக்காடு வரை அரசாங்கம் செலவிடலாம். பொருள் சேவை வரி 2023இல் எட்டு விழுக்காடாகவும் 2024இல் ஒன்பதாகவும் உயர்ந்தபோது, அதற்கு மாற்றாக அந்த அளவை 60 விழுக்காடாக்கலாம் என்பது எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் யோசனைகளுள் ஒன்று. நீங்கள் அதை ஊதாரித்தனம் என்கிறீர்கள், அது நியாயமில்லை. 2008இல் அரசமைப்பைத் திருத்தி மதகை அகலப்படுத்தியதும், பின்னர் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் வருவாயையும் அதற்குள் சேர்த்ததும் ஆளுங்கட்சிதான். மேலும், வரி ஒன்பதான அதே 2024 நிதியாண்டு 6.4 பில்லியன் வெள்ளி உபரியோடு முடிந்ததாகக் கணக்கிடப்பட்டபோது, விலைவாசி நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த உயர்வு வேண்டியிருந்ததா என்று எனக்கே மனம் கசந்தது. ஆயினும் 60க்கு நான் வாக்களிக்கமாட்டேன். 2030க்குள் குடிமக்களில் நால்வருள் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். நம் மருத்துவச் செலவைத் தாங்கப்போவது இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கும் என் பேத்தியின் தலைமுறை. அவர்கள் பங்கில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டைப் பற்றி இவ்வளவு கடுமை வேண்டாம். நிதி நிர்வாகப் பொறுப்புடைமைச் சட்டத்தை 2003இல் கொண்டுவந்தது அதிமுக அரசு. அடுத்து வந்த திமுக ஆட்சியின் முதல் ஆண்டுகளில் வருவாய் உபரி இருந்தது. ஆக, இரு கட்சிகளாலும் முடிந்திருக்கிறது. பின்னர் பற்றாக்குறை திரும்பியதும், அதை நீக்க அந்தச் சட்டம் விதித்த கெடுவைச் சட்டமன்றமே திருத்தித் தள்ளிப்போட்டது. சாவி ஒன்றே, அதுவும் செலவு செய்பவர் கையிலேயே. மாநில நிதிநிலை பற்றி 2001இலும் 2021இலும் வந்த வெள்ளை அறிக்கைகள் இரண்டும், புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் முந்தைய ஆட்சியைப் பற்றி வெளியிட்டவை. தன் ஆட்சி முடியும் தறுவாயில் தன் கணக்கைத் தானே அப்படி விரித்துவைக்கும் கட்சிக்கு, அது எதுவாயினும், என் ஆதரவு உண்டு.

அந்த அளவுகோலை இங்கேயும் வைக்கிறேன். இருப்புநிதியை முதலீடு செய்யும் அரசு நிறுவனமான ஜிஐசி நிர்வகிக்கும் தொகையின் முழு அளவு இன்றும் வெளியிடப்படுவதில்லை. நாணயத்தைத் தாக்க நினைப்பவர்களுக்கு நம் பலம் தெரியக்கூடாது என்ற விளக்கத்தில் பொருளுண்டு என்றாலும், தன் சேமிப்பு எவ்வளவென்று அறியாத மக்களிடம் அது போதுமா போதாதா என்று வாக்குக் கேட்பது எனக்கு உறுத்துகிறது. கருவூலத்தில் கணக்காளராக முப்பது ஆண்டுகள் இருந்த நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று விரிவாக எழுதுங்கள். தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்