‘கொஞ்சம் பொறும்மா’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

சேலம் நகரக் கத்தோலிக்கப் பங்குகளிலும் சேர்வராயன் மலைப் பங்குகளிலும் கன்னியர் மடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிற பெண்பிள்ளைகளுக்குத் துணை நிற்பவர்கள் நாங்கள். அவசரப்படும் பிள்ளையிடம் ‘கொஞ்சம் பொறும்மா’ என்று சொல்லி எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் நிறைய பேர். பெயர் போட்டால் பலருக்குச் சங்கடம் என்பதால், பெயரை விட்டுவிட்டுச் செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம். அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பதையும் எழுதுகிறோம். இதே யோசனை ஓடிக்கொண்டிருக்கும் வேறு வீடுகளுக்கும் உதவட்டும்.

முதலில் பங்கு அலுவலகங்களில் பழைய பதிவேடுகளைப் புரட்டிய உபதேசியார்களுக்கும் அலுவலக உதவியாளர்களுக்கும். வீட்டு பீரோவில் இருக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றை எடுத்துக்கொண்டு வரும் பிள்ளையிடம், “இது போதாது, புதுசா எழுதித் தர்றோம்” என்று சொல்வது சும்மா இழுத்தடிப்பு அல்ல. துறவறப் பயிற்சி இல்லமான நவதுறவகத்தில் சேர ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமண பந்தம் இல்லாத நிலை ஆகிய மூன்றுக்கும் சான்று வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 645. உறுதிப்பூசுதலும் திருமணமும் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படுகின்றன. ஆகவே ஓரக்குறிப்பு பார்த்துப் புதிதாக எழுதிய ஒரே தாளில் மூன்றும் முடிந்துவிடும். பழைய சான்றில் அந்தக் குறிப்பு இருக்காது.

இங்கே வரும் சிக்கல் பெரும்பாலும் ஊர்ச் சிக்கல்தான். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறந்து அந்தப் பங்கிலேயே ஞானஸ்நானம் பெற்றிருக்கும். சேலத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பெற்றோரின் திருமணச் சான்றை மடம் கேட்டால் இன்னொரு குழப்பம். 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் தருமபுரி தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் நடந்த திருமணம் என்றால் சேலம் ஆயர் இல்லத்துக்கு எழுதிப் பயனில்லை. திருமணம் நடந்த பங்குக்கே எழுத வேண்டும். பிறகு பெயர். கோயில் பதிவேட்டில் ‘மரிய ஸ்டெல்லா’, பள்ளிச் சான்றிதழில் ‘சங்கீதா’. சாதிச் சான்றில் ‘இந்து’ என்று இருப்பதும் நம் பக்கத்தில் அரிதல்ல. கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதி உரிமை போய்விடும் என்ற 1950ஆம் ஆண்டு ஆணையின் விளைவு அது. இதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டு, இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்த நோட்டரி வழக்கறிஞர்களுக்குத் தனி நன்றி. இது சேர்வதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை. துறவற சபை பின்னால் நர்சிங்குக்கோ பி.எட்.டுக்கோ அனுப்பும்போது சரிசெய்யப் புறப்பட்டால் அலைச்சல் இரட்டிப்பு.

மருத்துவர்களை அடுத்துச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே, கண், பல் என்று பார்த்துத் தந்தீர்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அப்படியே மடத்துக்குள் போகிற பிள்ளை விடியற்காலைத் தியானத்தில் தூங்கி விழும். அவளுக்கு ‘பக்தி குறைவு’ என்று பெயர் வந்துவிடும். அவளும் தனக்குத் துறவறத்துக்கான இறை அழைத்தலே இல்லையோ என்று கலங்குவாள். இரும்புச்சத்து மாத்திரையால் தீரக்கூடிய ஒன்று ஆன்மீகப் பிரச்சினையாக மாறுவது இப்படித்தான். தைராய்டு சோர்வும் அதே கதை. மனநல ஆலோசகர்கள் பிள்ளையிடம் முதலில் சம்மதம் வாங்கினீர்கள், அறிக்கை யாருக்குப் போகும் என்று அவளுக்கே விளக்கினீர்கள். ஒருவரின் அந்தரங்கத்தைக் காக்கும் திருச்சபைச் சட்டம் 220 இங்கே பொருந்தும் என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. பழைய மனச்சோர்வையோ வலிப்பையோ மறைத்துச் சேர்க்க நினைக்கும் பெற்றோர்களிடம் பொறுமையாகப் பேசியதற்கும் நன்றி. ஒளித்து வைத்தது இரண்டாம் வருடத்தில் வெளியே வரும்; மாத்திரை நின்றுபோன பிள்ளைதான் அதற்கு விலை கொடுப்பாள்.

பணம், பத்திரம். கடனை அடைக்க வழியில்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம் 644. கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்ற சலுகை பொதுவாக உண்டு, ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய வங்கி ஊழியர்களுக்கும், மகள் பெயரில் வைத்த நகைக்கடனை முதலில் மீட்கச் சொன்னவர்களுக்கும் நன்றி. அதைவிடப் பெரிய நன்றி, “மடத்துக்குத்தானே போறா, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்” என்று, சொத்தில் தங்கையின் பங்கை விட்டுத்தரக் கேட்டு வந்த அண்ணன்மார்களைத் திருப்பி அனுப்பிய வழக்கறிஞர்களுக்கு. முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவற வாக்குறுதிக்கு) முன் சொத்தின் நிர்வாகத்தை அவள் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னாவது உயில் எழுதியாக வேண்டும். சட்டம் 668 சொல்வது இதுதான். மடத்து வாசல்படி ஏறும் முன்பே சொத்துப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்ட பெண், 22 வயதில் ‘இது என் வழியல்ல’ என்று உணர்ந்தாலும் திரும்பி வர யோசிப்பாள். சுதந்திரம் இல்லாத வார்த்தைப்பாடு என்ன வார்த்தைப்பாடு?

சுதந்திரம் என்றதும் அம்மாக்களின் நேர்த்திக்கடன் நினைவுக்கு வருகிறது. “பிரசவத்துல ரெண்டு உசுரும் பிழைச்சா, பிறக்கறது பொண்ணுன்னா மாதாவுக்கு” என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். பொருத்தனை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். மகளைக் கட்டாது (சட்டம் 1193). தாய்க்கு மனம் உறுத்தினால் பங்குத்தந்தையே விலக்குத் தரலாம். கட்டாயத்தாலோ அச்சத்தாலோ நவதுறவகத்தில் சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. 17 வயது முடியாதவர்களைச் சேர்த்தாலும் அப்படியே. இதைப் பிரசங்கத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அந்தத் தாயின் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பங்குத்தந்தையர்களுக்கு எங்கள் வணக்கம்.

சபைகளின் அழைத்தல் ஊக்குநர் சகோதரிகளே, “எங்க சபைக்கு இந்தப் பிள்ளை பொருந்தாது, வேற சபையைப் பாருங்க” என்று நீங்கள் சொன்ன நாட்களுக்காக நன்றி. ஆள் குறைந்துவரும் காலத்தில் அது லேசான வார்த்தை அல்ல. ஏற்காட்டில் 1894இலிருந்து பள்ளி நடத்தும் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகளிடம் படித்த பிள்ளைக்குச் சிஸ்டர் என்றால் குளூனி சிஸ்டர்தான். பிடித்த ஒரு டீச்சரைப் பார்த்துச் சபையைத் தேர்ந்தால், அந்த டீச்சர் மாற்றலாகிப் போனதும் பிடிப்பு தளரும். 1877இல் ஊட்டியில் தொடங்கிய மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் இருக்கிறார்கள், 1844இல் புதுச்சேரியில் தொடங்கிய மாசற்ற மரியாவின் இருதயச் சகோதரிகள் இருக்கிறார்கள்; செபமுறை, வேலை, எந்த நாட்டுக்கும் போகத் தயாராக இருக்க வேண்டுமா என்பதெல்லாம் சபைக்குச் சபை வேறு. மடத்து வாழ்வைப் பார்த்துவர நடத்தும் ‘வந்து பாருங்கள்’ முகாமுக்குப் போகும் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள்: பயிற்சி எந்த மொழியில், நவதுறவகம் எந்த மாநிலத்தில், வீட்டுக்கு எப்போது வரலாம், போன் விதி என்ன, படிப்பை யார் தீர்மானிப்பது. நாங்கள் ஒன்று சேர்த்துக்கொள்கிறோம். நோயுற்ற முதிய சகோதரிகள் இருக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சபை எப்படிப்பட்டது என்று அங்கே தெரிகிற அளவுக்குச் சிற்றாலயத்தில் தெரியாது.

ஏற்காட்டுத் தியான இல்லங்களுக்கும் அங்கே சமைக்கும் அக்காமார்களுக்கும் எவ்வளவு சொன்னாலும் தகும். கோடை விழாக் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை வண்டி நெரிசலும் இல்லாத வார நாட்களை எங்களுக்காக ஒதுக்கினீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வாந்தியும் தலைசுற்றலுமாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் கஞ்சியும் துவையலும் போதும் என்று தெரிந்து வைத்திருந்தீர்கள். மௌனத் தியானத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் மாமா ஜீப்பில் வந்து நிற்பார்.

தியானம் நடத்திய குருக்களும் சகோதரிகளும் ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடித்தீர்கள்: கடைசி இரவு மெழுகுவர்த்தி, பாட்டு, கண்ணீர் எல்லாம் முடிந்த கையோடு யாரும் முடிவு எடுக்கக் கூடாது. மலையை விட்டு இறங்கி, காலேஜ், பஸ், வீட்டுப் பாத்திரம் என்று சில வாரம் கழிந்த பிறகும் அந்த இழுப்பு மங்காமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். மறுபக்கமும் உண்டு. மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த விதி. செபத்தில் ருசி இல்லை என்று ஒரு வாரத்தில் கைவிடுவதும், ஒரு ராத்திரி அழுகையில் பெட்டி கட்டுவதும் ஒரே தவறுதான். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கோ நீட் மதிப்பெண்ணுக்கோ காத்திருக்கும் வாரங்களில் எடுக்கும் முடிவும் இதில் சேரும். மார்க் வந்ததும் அழைத்தல் காணாமல் போனால், அது அழைத்தல் அல்ல, பயம். தினமும் பத்து வரி எழுதச் சொன்னீர்களே, எந்த நினைப்பு நிம்மதி தந்தது, எது படபடப்பு தந்தது என்று? சில மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் எதிலிருந்து ஓடுகிறாள், எதை நோக்கிப் போகிறாள் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது.

வெளியே போகாமல் உள்ளேயே வாழும் கார்மேல் போன்ற அடைபட்ட மடங்களின் அன்னையர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். கிராதிக்கு அந்தப் பக்கம் இருந்து பொறுமையாகப் பதில் கடிதம் எழுதினீர்கள். ‘சத்தம் பிடிக்கவில்லை, மனிதர்களைப் பிடிக்கவில்லை, அதனால் கார்மேல்’ என்று வரும் பிள்ளையை ஒரே கேள்வியில் நிறுத்தினீர்கள்: இங்கே இருக்கும் இதே சில முகங்களோடு சாகும்வரை இருக்க முடியுமா? கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா தெரசம்மாள் ஒரு மடத்துக்கு 21 பேருக்கு மேல் வேண்டாம் என்று வைத்தது அதனால்தானே, எல்லோரும் எல்லோரையும் அறிந்த குடும்பமாக இருக்க. வெளிவேலை செய்யும் சகோதரிக்கு ஒத்துவராத வீட்டிலிருந்து மாற்றல் கிடைக்கும். உங்களுக்கு அந்த வழி இல்லை. காலை ஒரு மணி, மாலை ஒரு மணி மௌன செபம், இடையில் சங்கீதங்களை ஓதும் திருப்புகழ்மாலை, கைவேலை, எல்லோரும் கூடிப் பேசும் நேரம். அந்தப் பேச்சு நேரத்தில் சிரிக்கத் தெரியாதவர்களுக்கு அங்கே கஷ்டம் என்றும் ஒளிக்காமல் எழுதினீர்கள்.

கால அளவையும் நீங்கள் தெளிவாக்கியதால்தான் பெற்றோர்கள் மூச்சுவிட்டார்கள். அடைபட்ட மடங்களுக்கு 2018இல் வந்த வத்திக்கானின் ‘கோர் ஒரான்ஸ்’ ஏட்டின்படி முன்னாயத்தம் குறைந்தது ஓராண்டு, போஸ்டுலன்ட் நிலை (நவதுறவுக்கு முந்தைய பயிற்சி) குறைந்தது ஓராண்டு, நவதுறவு 2 ஆண்டு, தற்காலிக வார்த்தைப்பாடு 5 ஆண்டு. ஆக 9 ஆண்டுக்குக் குறையாது. மற்றச் சபைகளில் நவதுறவு குறைந்தது 12 மாதம், தற்காலிக வார்த்தைப்பாடு 3 முதல் 6 ஆண்டு, 21 வயதுக்கு முன் நித்திய வார்த்தைப்பாடு கிடையாது. ‘நாளைக்கே மகளை இழந்துவிடுவோம்’ என்று அழும் தகப்பனுக்கு இந்தக் கணக்கு ஆறுதலைவிட மேலானது.

அந்த 12 மாதத்தை மதித்த குடும்பங்களுக்கும் நன்றி. நவதுறவகத்தை விட்டு 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். விட்டுவிட்டுப் போனாலும் சேர்த்து 3 மாதத்தைத் தாண்டினால் அந்த நவதுறவே செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அண்ணன் கல்யாணம், பாட்டி கருமாதி, அம்மை, மஞ்சள் காமாலை எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். மண்டபம் பதிவு செய்யும் முன் நவதுறவியர் பயிற்றுநரிடம் தேதி கேட்ட அப்பாக்கள் எத்தனை பேருக்குத் தலைவலியை மிச்சப்படுத்தினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

கடைசியாக, மடத்திலிருந்து திரும்பி வந்த பெண்களை வரவேற்ற வீடுகளுக்கும் தெருக்களுக்கும். நவதுறவி எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் வருவதும் முறையான வழிதான். ‘ஓடி வந்தவ’ என்று சொல்லாமல், “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டவர்களே, அது பெரிய உதவி. கொடுத்திருந்த அசல் சான்றிதழ்களைக் கேட்ட அன்றே திருப்பித் தந்த மடங்களுக்கும், செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது என்றாலும் வெளியேறுபவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடக்கச் சொல்லும் சட்டம் 702ஐ மனத்தில் வைத்துப் படிப்புச் செலவுக்கு உதவியவர்களுக்கும் நன்றி. இனி சேரப்போகிறவர்கள் அசலின் நகல்களை வீட்டில் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போங்கள். ரேஷன் கார்டில் பெயரை அவசரப்பட்டு நீக்காதீர்கள். எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள்.

நன்றியுடன்,
சேலத்திலும் ஏற்காட்டிலும் பிள்ளைகளோடு நடப்பவர்கள்