பட்டறை அண்ணனுக்கும் நாசி லெமாக் அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

சுங்கை சிப்புட் மக்களுக்கும் தோட்டத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வலுதூக்குதல், குண்டு எறிதல் இரண்டிலும் பேரா மாநிலத்துக்குப் பதக்கம் வாங்கி வந்தேன் என்று கோயில் திடலில் மாலை போட்டீர்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பட்டறை அண்ணன். நாங்கள் குண்டு எறிவது சக்கர நாற்காலியிலிருந்து அல்ல. அதற்கென்று தனி இரும்பு நாற்காலி உண்டு. மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. பட்டை போட்டுத் தரையோடு இறுக்க வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் கையில் வர வேண்டிய வேகம் அதிலேயே போய்விடும். அண்ணன் அதுவரை வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்தவர். விதியைச் சொன்னதும், "மெத்தையை நீ உட்காருமுன் அளப்பார்களா, அமுங்கின பிறகா?" என்று கேட்டார். அப்புறம் எதற்கு வம்பு என்று இரண்டு விரற்கடை குறைத்தே வெல்டிங் வைத்தார். கூலியைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் கோபம் வரும் அவருக்கு.

வலுதூக்குதலில் ஊனத்தின் வகையைப் பார்த்துப் பிரிப்பதில்லை, உடல் எடையை வைத்துத்தான் பிரிவு. குண்டு எறிதலிலோ நான் எவ்வளவு பெருத்தாலும் கேட்பாரில்லை. இந்த இழுபறியைத் தீர்த்து வைத்தவர், தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடை அக்கா. போட்டி நெருங்கினால் பணத்தை நீட்டினாலும் சோறு வராது; பொட்டலத்தில் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும்தான் இருக்கும். அக்கா, அப்போது மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகையில், நான் எடை தூக்கும்போது கம்பி பிடித்த தம்பிகளே, நாளெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிவிட்டு வந்து நின்றீர்கள். மல்லாந்து படுத்துத் தூக்கும்போது கம்பி நெஞ்சில் இறங்கி, அசையாமல் நின்று, பிறகுதான் மேலே போக வேண்டும். மூன்று நடுவரில் இருவராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் செல்லும். நீங்கள் மூவரும் கைபேசி விளக்கோடு நடுவராக உட்கார்ந்தீர்களே, நிஜ நடுவர்கள் எவ்வளவோ பரவாயில்லை!

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. பயிற்றுநர் ஐயா மட்டும் பிரிட்டனின் கதீனா காக்ஸைக் காட்டினார்: 2016 ரியோ பாராலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்திலும் தங்கம், சைக்கிளிலும் தங்கம். சும்மா ஊக்கம் கொடுத்ததோடு நிற்கவில்லை. கனமாகத் தூக்கிய மறுநாள் நெஞ்சுத்தசை இறுகிக் குண்டு எறியக் கை பின்னால் போகாது என்பதால், என் வாரத்தையே பிரித்துப் போட்டு அட்டவணை எழுதித் தந்தார். ஐயா, அது இன்னும் அடுப்படிச் சுவரில்தான் இருக்கிறது.

அந்த இரும்பு நாற்காலியைப் பேருந்தில் ஏற்ற விடாத நாட்களில், ஈப்போ வரை பள்ளி வேனில் கொண்டுபோன மாமாவுக்கும் நன்றி.

ஒரு சின்ன உதவி மட்டும் பாக்கி. நாற்காலியின் பட்டைகள் நைந்துவிட்டன. லோரியில் சரக்குக் கட்டும் பழைய பட்டை யாரிடமாவது இருந்தால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.