புகார்: கட்டணம் பிடிக்க நம்பும் தராசை ரிட்டர்ன் தகராறில் ஏன் பார்ப்பதில்லை?

பெறுநர்
தலைமை அலுவலர்,
விற்பனையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பொய்யான ரிட்டர்ன் கிளெய்ம்களில் ஆதாரம் பார்க்காமல் பணம் திருப்பித் தரப்படுவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணைய விற்பனைத் தளத்தில் செல்போன், பிரின்டர், கேமரா, ஆயத்த ஆடை, காலணி விற்கும் விற்பனையாளர்கள் சேர்ந்து எழுதும் புகார் இது. ரிட்டர்ன் வசதியே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. சைஸ் அட்டவணையைத் தப்பாகப் போடுகிறவர்களும், பழுதுபார்த்த பொருளைப் புதியது என்று தள்ளிவிடுகிறவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர்களிடம் ஏமாந்தவருக்குப் பணம் உடனே திரும்பத்தான் வேண்டும். ஆனால் பொய்க் கிளெய்மைப் பிடிக்கத் தேவையான விவரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. எங்களிடம் கட்டணம் பிடிக்க அதை எடுக்கிறீர்கள்; தகராறு என்று வந்தால் திறந்தே பார்ப்பதில்லை. இதுதான் எங்கள் புகார்.

எடையிலிருந்து தொடங்குகிறோம். பார்சல் கூரியர் மையத்துக்குள் போனதும் கன்வேயரில் இருக்கும் இயந்திரம் அதை எடை போடுகிறது, நீள அகல உயரத்தை அளக்கிறது, பார்கோடைப் படிக்கிறது. நாங்கள் பதிந்ததைவிடக் கூடுதலாக வந்தால் எடை வித்தியாசக் கட்டணம் தானாக எங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்த இயந்திரம் தப்பு செய்யாது என்பது உங்கள் நிலை. சரி. அதே பார்சல் ரிட்டர்னில் வரும்போதும் அதே மாதிரி கன்வேயரில்தான் ஏறி வருகிறது. பொருள் இல்லாத பெட்டி அங்கேயே மாட்டியிருக்க வேண்டும். ஏன் மாட்டுவதில்லை?

உங்கள் அறிக்கையில் கட்டண எடை மட்டும்தான் காட்டப்படுகிறது. 30 × 20 × 15 செ.மீ. பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 9,000 கன செ.மீ.; வழக்கமான 5,000ஆல் வகுத்தால் கன அளவு எடை 1.8 கிலோ. பொருளோடு சேர்த்துத் தராசில் வைத்தால் 1.1 கிலோதான் இருக்கும். இரண்டில் பெரியதற்குத்தான் கட்டணம் என்பதால் அறிக்கையில் 1.8 மட்டும் பதிவாகிறது. வாங்கியவர் பொருளை எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டிக்கு டேப் ஒட்டி அனுப்பினாலும் பெட்டியின் அளவு மாறாது, ஆகவே அதே 1.8. போகும்போதும் 1.8, வரும்போதும் 1.8 என்று பார்த்துவிட்டு 'எடையில் வேறுபாடு இல்லை' என எங்கள் அப்பீலைத் தள்ளுபடி செய்கிறார் உங்கள் அலுவலர். தராசு காட்டிய நிஜ எடை கூரியரின் பதிவில் இருக்கிறது. அட்டவணையின் அந்த ஒரு பத்தியைத் திறந்து காட்டினாலே காலிப் பெட்டித் தகராறுகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

எடை மட்டும் போதும் என்று நாங்களும் சொல்லவில்லை. பப்புள் ராப்பை எடுத்துவிட்டாலோ, வேறு அட்டைப்பெட்டியில் போட்டாலோ, மழையில் அட்டை நனைந்தாலோ எடை கொஞ்சம் முன்பின் ஆகும். அதற்காக நேர்மையான வாடிக்கையாளரைத் திருடராக்க முடியாது. தவிர, செல்போனுக்குப் பதில் அதே எடையில் ஒரு சோப்புக்கட்டியையோ கல்லையோ வைத்துவிட்டால் தராசுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் சீரியல் நம்பர்.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ரிட்டர்ன் எடுக்க வருபவரின் செயலி, பெட்டியின் மேலிருக்கும் ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பார்கோடை ஸ்கேன் செய்யச் சொல்கிறது. பெட்டி நாங்கள் அனுப்பியதேதான், எப்படிப் பொருந்தாமல் போகும்? உள்ளே இருப்பது உடைந்த பழைய போனாக இருந்தாலும் பச்சை டிக் விழும். போனில் *#06# அழுத்தித் திரையில் வரும் 15 இலக்க எண்ணையல்லவா பார்க்க வேண்டும்? 'ஆன் ஆகவில்லை' என்று திருப்பும் போனில் திரை வராது என்பது உண்மைதான். அப்படியானால் அதை வாசலிலேயே ஏற்று ரீஃபண்டை விடுவிக்காமல், சீல் வைத்த பையில் போட்டுச் சோதனை மையத்துக்கு அனுப்புங்கள். வாசலில் நிற்பவருக்கு ஒரு பார்சலுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது, அடுத்த முகவரிகள் காத்திருக்கின்றன. 'பொருள் சரியா, உதிரிகள் உள்ளனவா, சேதம் இல்லையா' என்ற எல்லாக் கட்டத்திலும் அவர் டிக் போட்டுவிட்டுப் போவதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். அந்த டிக்கை நிபுணர் சான்றாக எங்களுக்கு எதிராக வைப்பதைத்தான் குறை சொல்கிறோம்.

'வந்த நாளிலிருந்தே வேலை செய்யவில்லை' என்ற கிளெய்முக்கு வருவோம். பல பொருள்கள் தங்கள் உபயோகத்தைத் தாங்களே எண்ணி வைத்திருக்கின்றன. பிரின்டரின் உள்கணக்கில் எத்தனை பக்கம் அச்சாகியிருக்கிறது என்று இருக்கும்; முதல் நாளே பழுதான பிரின்டரில் 400 பக்கம் ஓடியிருக்காது, கார்ட்ரிட்ஜும் காலியாகியிருக்காது. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டியில் மொத்தம் எத்தனை மணி நேரம் இயங்கின என்ற பதிவு உண்டு. பல கேமராக்களில் ஷட்டர் எண்ணிக்கையும், லேப்டாப்களில் பேட்டரி சார்ஜ் சுழற்சியும் பார்க்க முடியும். ஒரு கல்யாணம் முடிந்த மறுநாள் திரும்பும் கேமராவில் ஷட்டர் எண்ணிக்கை சில ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் வேறு சாட்சி எதற்கு? இந்த எண்களின் படத்தை நாங்கள் இணைக்கிறோம். உங்கள் அப்பீல் படிவத்தில் அதற்கென்று இடமே இல்லை. 'பிற ஆவணங்கள்' என்ற மூலையில் போட வேண்டியிருக்கிறது, அதை யாரும் பார்த்ததாகப் பதிலில் தெரியவில்லை. லேப்டாப்பில் ராம் என்னும் நினைவகப் பாகம் கழற்றப்பட்டு வந்தாலும் இதே கதைதான். 'பொருள் பெறப்பட்டது' என்ற ஒரே நிலைக்குள் முழுப் பொருளும் பாதிப் பொருளும் அடங்கிவிடுகின்றன.

துணியில் சிக்கல் வேறு மாதிரி. ஒருநாள் விசேஷத்துக்கு உடுத்திவிட்டு, டேகை உள்ளே மடித்து மறைத்திருந்து, மறுநாள் 'துணித் தரம் சரியில்லை' என்று திருப்புகிறார்கள். கழுத்துப்பட்டியில் பவுடர் கறை, அக்குளில் வியர்வையும் சென்ட்டும், ஷூ என்றால் அடிப்பகுதியில் மண். இதற்காகத்தான் நாங்கள் வெளியே தெரியும்படி, ஒருமுறை அறுத்தால் மறுபடி பூட்ட முடியாத பெரிய டேகை முன்பக்கத்தில் மாட்டுகிறோம். அதை அறுக்காமல் போட்டுப் பார்க்கலாம், கண்ணாடி முன் நிற்கலாம். வெளியே உடுத்திப் போக முடியாது. அறுந்த டேகோடு வரும் ரிட்டர்னையும் உங்கள் அமைப்பு ஏற்றுக்கொண்டால் அந்த டேக் வெறும் அலங்காரம்.

இத்தனைக்கும் மூலம் உங்கள் ரிட்டர்ன் படிவத்தின் முதல் கேள்வி. 'வேண்டாம் என்று முடிவு செய்தேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரும்ப அனுப்பும் செலவு வாங்கியவருடையது. 'பழுது' அல்லது 'விவரித்தபடி இல்லை' என்றால் செலவு எங்களுடையது, அதோடு எங்கள் மதிப்பெண்ணும் குறைகிறது. எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கட்டத்தில் விரல் வைப்பது எப்படிச் சான்றாகும்? படம் கேட்கும் வகைகளில்கூட, இணையத்தில் எடுத்த உடைந்த திரையின் படம் போதுமானதாக இருக்கிறது. ஷிப்பிங் லேபிளும் பொருளின் சீரியல் நம்பரும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், படத்தைச் செயலியின் கேமராவிலேயே எடுக்க வேண்டும் என்று இரண்டு விதி வைத்தால் பழைய படங்கள் நின்றுவிடும்.

எங்களிடம் மட்டும் என்னவெல்லாம் கேட்கிறீர்கள்! வெட்டு ஒட்டு இல்லாத பேக்கிங் வீடியோ; அதில் லேபிளின் பார்கோடு, சீரியல் நம்பர், பொருள் பெட்டிக்குள் போவது, டேப் ஒட்டுவது என எல்லாம். தருகிறோம். பெட்டியைத் தராசில் வைத்து எண் தெரியும்படியும் எடுக்கிறோம், ரிட்டர்ன் வந்தால் ஆறு பக்கமும் காட்டிவிட்டுத்தான் பிரிக்கிறோம். ஆனால் உங்கள் பதிவேற்றப் பக்கம் பெரிய கோப்பை ஏற்பதில்லை. சுருக்கி அனுப்பினால் சீரியல் நம்பர் மங்கிவிடுகிறது. 'ஆதாரம் தெளிவில்லை' என்று நிராகரிப்பு வருகிறது. மூல வீடியோவின் இணைப்பைக் கொடுத்தால் 'வெளி இணைப்புகளைத் திறக்க இயலாது' என்கிறீர்கள். எங்கே போவது?

கால வரம்பும் எங்களுக்கு எதிராகவே ஓடுகிறது. ரிட்டர்ன்கள் மூட்டையாக வருகின்றன. ஐம்பது பார்சலுக்கு ஒரே ஓடிபி, ஒரே கையெழுத்து. பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றால் வண்டி நிற்காது. சில சமயம் பொருள் வருவதற்கு முன்பே 'டெலிவரி ஆனது' என்ற ஸ்கேன் விழுந்துவிடுகிறது, கிளெய்ம் செய்யும் கடிகாரம் அந்த நொடியே ஓடத் தொடங்கிவிடுகிறது. டேப் பிரிந்த பார்சலின் ரசீதில் 'சேதத்துடன் பெற்றோம்' என்று எழுத வழி இருந்த காலம் போய், செயலியில் ஆம் / இல்லை மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் குடோனில் இருந்தே பொருள் போகும் திட்டத்தில் இன்னொரு சுழல். திரும்பி வந்த பொருளை மேலோட்டமாகப் பார்த்து 'மறுவிற்பனைக்கு ஏற்றது' என்று அலமாரியில் வைக்கிறார்கள். அடுத்த வாடிக்கையாளருக்குப் புதியது என்று அது போகிறது. அவர் பிரித்தால் கீறலும் கைரேகையும். அவருடைய புகார் நூற்றுக்கு நூறு நியாயமானது. பழி எங்கள் மேல் விழுகிறது. ஒரே பார்கோடுள்ள பல விற்பனையாளர்களின் சரக்கைக் கலந்து வைக்கும் இடத்தில், எவரோ வைத்த போலிக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோகிற வேலை இது.

பேரம் பேசும் செய்திகளையும் கவனியுங்கள். 'பாதிப் பணம் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஸ்டார்' என்று உங்கள் சாட்டிலேயே எழுதுகிறார்கள். அந்தச் செய்தியைச் சுட்டினாலும் ரேட்டிங் நீங்குவதில்லை. உங்களிடம் ரீஃபண்ட் வாங்கிய பிறகு, கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியில் கார்டு தகராறும் போடுகிறவர்கள் உண்டு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைத் தகராறுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் இருப்பதால், எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஆர்டருக்கு மாதங்கள் கழித்து இரண்டாவது முறை பணம் போகிறது. ரீஃபண்ட் கொடுத்த பரிவர்த்தனை எண்ணை வங்கிக்கு உடனே காட்டக்கூடியவர் நீங்கள்தான். எங்களிடம் அந்த எண்ணே இல்லை.

வாடிக்கையாளர் உரிமை என்று பதில் வரலாம். அந்த உரிமையை விரிவாகத் தரும் சட்டங்களில் ஒன்றான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 நெறிமுறை, காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம் என்கிறது. அதே நெறிமுறையின் 14வது பிரிவு, பொருளின் தன்மையும் இயக்கமும் அறியத் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தியதால் மதிப்புக் குறைந்தால் அதை வாங்கியவரே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடையில் எவ்வளவு தொட்டுப் பார்ப்பாரோ அவ்வளவு. 400 பக்கம் அச்சடிப்பது அதில் வராது.

ஆகவே கேட்கிறோம். கன்வேயர் பதிந்த நிஜ எடையை, போகும் வழி, வரும் வழி இரண்டுக்கும், அறிக்கையில் தனிப் பத்தியாகக் காட்டுங்கள். சீரியல் நம்பர் உள்ள பொருள்களில் வாசல் ஸ்கேனோடு ரீஃபண்டை விடுவிக்காமல், பொருள் எங்களை வந்தடைந்து 48 மணி நேரத்துக்குள் நாங்கள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் தானாக விடுவியுங்கள். தாமதம் எங்களுடையதானால் நஷ்டமும் எங்களுடையதாகட்டும். கிளெய்ம் கடிகாரம் எங்கள் கையில் சேர்ந்த ஸ்கேனிலிருந்து ஓடட்டும். அப்பீலில் நாங்கள் வென்றால் அந்த ரிட்டர்னை மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்குங்கள். இழப்பீட்டில் போக்குவரத்து இரண்டு வழிச் செலவும் பிடித்த கமிஷனும் சேரட்டும். நிராகரித்தால் எந்த ஆதாரம், எந்தக் காரணத்தால் ஏற்கப்படவில்லை என்று எழுதுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு டிக்கெட் எண் கொடுத்து மூன்றாம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட வேண்டாம். நிஜ எடைப் பத்தி எந்தத் தேதியிலிருந்து அறிக்கையில் தெரியும் என்ற ஒரு வரி முதலில் வரட்டும். மற்றவற்றை அதன் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் விற்பனையாளர்கள்

இணைப்பு: நிராகரிக்கப்பட்ட அப்பீல்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அனுப்பும்போதும் திரும்பும்போதும் எங்கள் தராசில் எடுத்த எடைப் படம், சீரியல் நம்பர் ஒப்பீடு.